தபால் கச்சேரிக் கதவு

மேலச்சத்திரத்தில் அந்தக் கட்டடத்துக்குத் தபால் கச்சேரி என்று பேர். பாட்டுக் கச்சேரி என்று நினைத்துவிடாதீர்கள். கோர்ட்டைக் கச்சேரி என்று சொன்ன காலத்தில் வைத்த பேர் அது. திருமங்கலத்தில் பஸ் ஏறி, கச்சேரி ஸ்டாப் என்று சீட்டுக் கேட்டால் இன்றைக்கும் கண்டக்டர் அங்கேதான் இறக்கிவிடுவார். இறங்கினால் எதிரே நீளமாக ஒரு சிவப்புக் கட்டடம். செங்கலும் சுண்ணாம்பும்; ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத தூண்கள். கிழக்குப் பாதி தபாலாபீஸ், மேற்குப் பாதி முன்சீப் கோர்ட்டு. ஒரே கூரை, ஒரே வராந்தா, நடுவில் ஒரு சுவர், அந்தச் சுவரில் ஒரு கதவு. நம்ம கதை அந்தக் கதவைப் பற்றியது.

கோர்ட்டு புது வளாகத்துக்குப் போய் ரொம்ப வருசமாகிவிட்டது. தபாலாபீஸும் போன தை மாசம் வாடகை இடத்துக்குப் போய்விட்டது. காலிக் கட்டடத்தை இடிக்க வேண்டாம், ஆதியில் இருந்தபடியே செப்பனிட்டு நூலகமாக்கலாம் என்று மேலே முடிவானது. சுற்றிச் சாரம் கட்டினார்கள். சுவரில் காலகாலமாக ஏறியிருந்த மஞ்சள் வண்ணத்தைச் சுரண்டச் சுரண்ட, உள்ளேயிருந்து செங்கல் ரத்தம் கட்டின மாதிரி வெளியே வந்தது.

ரோட்டுக்கு இந்தப் பக்கம், கச்சேரிக்கு நேர் எதிரே, மாயக்காளின் மாவு மில். முன்னால் மில், பின்னால் வீடு, ரெண்டுக்கும் ஒரே வாசல். புருசன் போனபிறகு மில்லையும் மகளையும் ஒத்தை ஆளாக ஓட்டினவள். மாவு படிந்து படிந்து அவள் புருவம் எப்போதும் நரைத்த மாதிரிதான் இருக்கும். சாரம் கட்டின நாளிலிருந்து அவளுக்கு வேலை ஓடவில்லை. கட்டடத்தின் மேல் அவளுக்குப் பெரிய பிரியமொன்றும் கிடையாது. அந்தக் கதவில் ஒட்டியிருந்த ஒரு ஸ்டாம்புதான் அவள் கவலை.

அது என்ன கவலை என்று தெரிய, கதவின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

முதலில் அந்தக் கதவு திறந்துதான் கிடந்தது. கோர்ட்டுச் சம்மன்களை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப, கோர்ட்டுச் சேவகரான டவாலி வெயிலில் சுற்றி வராமல் அந்த வழியாகவே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். பிறகு ஒரு முன்சீப் வந்தார். அவருக்கு, அந்தப் பக்கம் முத்திரை குத்துகிற சத்தம் ஆகவில்லை. கூண்டில் ஏறின சாட்சி, "நான் கண்ணால பாத்தேனுங்க" என்பான். கதவுக்கு அங்கிட்டு டொக்கு என்று விழும். "அவந்தானுங்க வரப்ப வெட்டுனான்" என்பான், மறுபடி டொக்கு. பொய்ச் சாட்சிக்கும் சர்க்கார் முத்திரை விழுகிறது என்று வக்கீல்கள் சிரித்தார்கள். முன்சீப்புக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைச் சாத்தித் தன் பக்கம் ஆணி அடித்து, அதை மறைத்து ஒரு பீரோவையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஆயுதபூசை வந்தது. தபாலாபீஸ்காரர்கள் தராசு, முத்திரை, தபால் பை, கதவுகள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மற்ற கதவுகளில் கை பட்டுப் பட்டு நாலே நாளில் சந்தனம் உதிர்ந்துபோனது. சாத்தின கதவை யார் தொடப்போகிறார்கள்? அதில் சந்தனம் காய்ந்து அப்படியே நின்றது. அடுத்த வருசம் அதன்மேல் இன்னொரு பூச்சு.

சாத்தின கதவும் அதில் சந்தனமும் என்றால் மதுரைச் சீமையில் என்ன தோன்றும் என்று நான் சொல்லவா வேண்டும்? அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு சாத்தின கதவாகத்தானே நிற்கிறார். அவர் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணினவன் நல்லபடியாக வீடு போய்ச் சேரமாட்டான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாய்தாவுக்கு வந்து, ஸ்டாம்பு வாங்க வரிசையில் நின்ற எவனோ ஒரு சம்சாரி இந்தக் கதவைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினான். அவனைப் பார்த்துப் பின்னால் நின்றவனும் கழற்றினான். அவ்வளவுதான்.

அன்றையிலிருந்து பாதி வழக்கு கதவுக்கு இந்தப் பக்கமே முடிந்தது. "கூண்டுல ஏறி நீ என்னமும் சொல்லிக்க. இங்க வந்து ஒரு வார்த்தை சொல்லு, நான் வழக்க வாபஸ் வாங்கிக்கிறேன்" என்பார்கள். வக்கீல்களுக்கு வயிற்றெரிச்சல். போஸ்ட்மாஸ்டருக்கு வேறு விதமான எரிச்சல். ராமமூர்த்தி என்று பேர் அவருக்கு, மதுரையிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறவர். ஒருநாள் எவரோ ஏற்றின கற்பூரத்தில் மணியார்டர் ஃபாரக் கட்டு ஓரம் கருகிவிட்டது. கவுண்டரை விட்டு வெளியே வந்து சத்தம் போட்டார்.

"சாமி கும்பிடுறதுக்கு நான் குறுக்க நிக்கல. நெருப்புக் கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது, சேவல் கீவல்னு உள்ள வரவே கூடாது. காணிக்கை போடாம மனசு ஆறலைன்னா ஒரு ஸ்டாம்பு வாங்கி ஒட்டிட்டுப் போங்க. டிபார்ட்மெண்டுக்காவது வருமானம்."

மனுசன் ஆத்திரத்தில் சொன்னார். ஜனம் அருள்வாக்காக எடுத்துக்கொண்டது.

பிறகு அதற்கென்று ஒரு முறை தானாக வளர்ந்தது. சத்தியம் பண்ணினால் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். அதைத் திரும்ப எடுக்கணும் என்றால் ஒரு ஆள் மட்டும் வந்தால் ஆகாது. எவர் மேல் சத்தியம் பண்ணினதோ அவர் தன் வீட்டுத் தண்ணியைக் கொண்டுவந்து தன் கையால் நனைக்க வேண்டும். ஒட்டினவர் தன் கையால் உரிக்க வேண்டும். முழுசாக வர வேண்டும், பாதி கிழிந்து நின்றால் சத்தியமும் நிற்கும். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்துச் சட்டத்தைவிட இது எல்லாருக்கும் மனப்பாடம்.

மாயக்காளுக்கு ஒரே தம்பி, சோணை. அவர்கள் அப்பன் சாகக் கிடந்தபோது, "கெணத்துல பாதி மகளுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன நேரத்தில் மாயக்காள் மட்டும்தான் பக்கத்தில் இருந்தாள். சோணை நம்பவில்லை. வழக்குப் போட்டான். வாய்தா அன்றைக்கு வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க, "கதவு முன்னாடி சொல்லுவியா?" என்று கேட்டான். மாயக்காள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே போய்ச் சொன்னாள், ஸ்டாம்பை ஒட்டினாள். சோணை சொன்ன சொல் மாறாமல் வழக்கை வாபஸ் வாங்கினான். ஆனால் அத்தனை பேர் முன்னால் தோற்ற முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? அவனும் ஒரு ஸ்டாம்பு வாங்கினான்.

"கெணத்துல பாதிய எடுத்துக்க. இனிமே ஒன் வாசப்படிய மிதிச்சாலும், ஒன் வீட்டுத் தண்ணி ஒரு மடக்குக் குடிச்சாலும் நான் அப்பனுக்குப் பெறக்கல" என்று ஒட்டிவிட்டுப் போனவன்தான். பொண்டாட்டி ஊரான ஒச்சாங்குளத்துக்கே குடியைப் பெயர்த்துக்கொண்டான்.

கொஞ்ச வருசத்தில் நாலுவழிச் சாலை வந்தது. கிணறு சாலைக்குள் போனது. மண்ணைக் கொட்டி மூடித் தாரைப் போட்டு, இப்போது அதன்மேல் லாரி போகிறது. கிணறு போனாலும் சத்தியம் போகவில்லை, பார்த்தீர்களா. அக்கா மகள் சத்யப்ரியாவுக்குக் காது குத்தினபோது தாய்மாமன் மடி இல்லாமல் ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்கார்த்தினார்கள். அவள் பெரியமனுசி ஆன சடங்குக்கும் மாமன் தட்டு வரவில்லை. இப்போது அவளுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் சேலை கட்டித்தான் பெண் மணையில் ஏற வேண்டும். இதையும் விட்டால் அப்புறம் சோணை வந்து நிற்க அந்த வீட்டில் வேறு நல்ல காரியம் கிடையாது.

சத்யப்ரியா தல்லாகுளத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் தலையைப் பின்னிக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"யம்மா, ஒன் வாசப்படியத்தான மாமா மிதிக்க மாட்டேன்னாரு. அவரு வாசப்படிய நீ மிதிச்சா என்ன?"

"ஒட்டுனவன் அவன். அவன் வரட்டும்."

"நீ தண்ணியோட காத்துக்கிட்டு இருக்கேன்னு அவருக்கு யாரு சொல்றது?"

"அக்கா வீட்டுல தண்ணி இருக்கும்னு தம்பிக்குத் தெரியாதாக்கும்."

"நல்லா இருங்க. ரெண்டு பேரு ரோசத்தையும் ஹாப்பர்ல கொட்டி அரைச்சா நாலு மூடை தேறும்."

"பஸ்ஸு போயிரும். போடி."

கட்டட வேலைக்குப் பொறுப்பாக மதுரையிலிருந்து காவ்யஸ்ரீ என்று ஒரு இஞ்சினீயர்ப் பெண் தினமும் ஸ்கூட்டரில் வந்தது. பட்டுநூல்காரர் வீட்டுப் பிள்ளை. போனில் அம்மாவிடம் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் பேசிவிட்டு, வைத்த கையோடு கொத்தனாரைத் தமிழில் வைவாள். பழைய குழாய் பழுதாகிக் கட்டடத்தில் தண்ணி இல்லை என்று வந்து கேட்டபோது மாயக்காள், "தண்ணிக்கு என்ன பாப்பா, போர்ல வருது, எடுத்துக்க" என்று சொல்லிவிட்டாள். மர வேலைக்கு வந்திருந்த கருத்தக்கண்ணன் காலையும் மத்தியானமும் குடத்தோடு வருவார். ஆரப்பாளையத்துக்காரர், மகன் கல்யாணத்தை முடித்துவிட்ட வயசு, வாய் ஓயாத மனுசன்.

கட்டடத்தின் கதையை எழுதி வாசலில் பலகை வைக்க வேண்டுமாம். அதற்காகக் காவ்யஸ்ரீ ஊரில் ஒவ்வொருவராகக் கேட்டாள். மாயக்காளும் முன்சீப் கதையை, முத்திரைச் சத்தத்தை, ராமமூர்த்தியின் கோபத்தைச் சந்தோசமாகச் சொன்னாள். கோபம் எதனால் வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

"ஆன்ட்டி, அந்த நடுக்கதவு பூரா ஸ்டாம்பா ஒட்டியிருக்கே, அது என்னது?"

மாயக்காள் மாவைத் தட்டின கையை நிறுத்தினாள். சொன்னால், யார் ஒட்டினது, யார் மேல் ஒட்டினது என்று ஒவ்வொன்றாக வரும். சத்தியத்தை வெளியாளிடம் வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. அதற்கு மேல் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"அதுவா? பிள்ளைக வெளையாட்டா ஒட்டுனது பாப்பா."

டீக்கடை விருமாண்டியைக் கேட்டாள். அவருக்கும் பங்காளி மேல் ஒட்டின ஸ்டாம்பு ஒன்று கதவில் இருந்தது. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகத்தா. சேட்டை" என்றார். கேட்ட இடத்திலெல்லாம் இதே பதில். ஒருத்தருக்கொருத்தர் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஊரே ஒரே பொய்யைச் சொன்னது. பாவம், அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கட்டடத்தை ஆதியில் இருந்தபடி ஆக்க வந்தவள், பிள்ளைகள் விளையாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

ஒரு வெள்ளிக்கிழமை காலை. மில்லில் கூட்டம். கம்பும் மல்லியும் மிளகாயுமாக டப்பாக்கள் வரிசையில் நின்றன. கருத்தக்கண்ணன் குடத்தைக் கொண்டுபோனவர் திரும்பத் திரும்ப வந்தார்.

"என்னண்ணே, இன்னைக்கு இம்புட்டுத் தண்ணி? குடிக்கவா, குளிக்கவா?" என்று மாயக்காள் கேட்டாள்.

"கதவுக்குத்தா. கழட்டிப் படுக்கப் போட்டு ஈரச் சாக்கப் போத்தியிருக்கு. ஊறுச்சுன்னா மத்தியானத்துக்குள்ள அம்புட்டு ஸ்டாம்பையும் வழிச்சுப் போட்டுறலாம். நாளைக்கு ஆபீசருக வாராகளாம்."

மாயக்காள் சுவிட்சை அணைத்தாள். பெல்ட்டு சுற்றி நின்றது. கல்லுக்குள் பாதிக் கம்பு அப்படியே இருந்தது.

"ஏக்கா, எங்கிட்டு? என் கம்பு?" என்று ஒருத்தி கத்தினாள்.

"கம்பு எங்கிட்டும் போகாது, நில்லு" என்று சொல்லிவிட்டு மாயக்காள் வீட்டுக்குள் போய்ப் போனை எடுத்தாள். மகளைக் கூப்பிட்டாள்.

"ஏத்தா, ஒங்க மாமன் நம்பரு ஒன்ட்ட இருக்கா?"

 "இருக்கு" என்று வந்தது.

"எப்பருந்து?"

"அத இப்பக் கேக்கணுமா? ரத்தம் எடுக்க ஆளு காத்துக்கிட்டு இருக்கு. அனுப்புறேன்."

நம்பர் வந்தது. மாயக்காள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது வருசத்துக்கு மேலாக ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு கதவைப் பார்த்துப் பார்த்து, அவன் வரட்டும் அவன் வரட்டும் என்றே இருந்துவிட்டாள். இனி அவன் வந்தாலும் கதவு இருக்காது. பொத்தானை அமுக்கினாள்.

"யாரு?" என்றது குரல். அப்பன் குரல் மாதிரியே கனத்துப்போயிருந்தது.

"கதவக் கழுவப் போறாக. வா" என்றாள். வேறு சொல்லத் தெரியாமல் வைத்துவிட்டாள். பிறகு கையில் கிடைத்த சொம்பில் தண்ணியை மொண்டுகொண்டு ரோட்டைத் தாண்டினாள்.

கோர்ட்டுப் பக்கத்து ஹாலில், முன்னே நீதிபதி மேடை இருந்த இடத்தில், ரெண்டு பெஞ்சு போட்டுக் கதவைப் படுக்க வைத்திருந்தார்கள். ஈரச் சாக்கு மேலே. சுவரில் கதவு இருந்த இடம் திறந்து கிடந்தது. அதன் வழியாகத் தபாலாபீஸ் கவுண்டர் தெரிந்தது. மாயக்காள் அந்தப் பக்கத்தை அங்கிருந்து பார்த்ததே இல்லை. கருத்தக்கண்ணன் சுரண்டுகிற தகட்டைக் கையில் எடுத்திருந்தார்.

"அண்ணே, கைய எடுங்க" என்று சொல்லி மாயக்காள் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

காவ்யஸ்ரீ ஓடிவந்தாள். "என்னாச்சு ஆன்ட்டி?"

"இத உரிக்கக் கூடாது பாப்பா. உரிக்க வேண்டியவுகதான் உரிக்கணும்."

"நீங்கதான பிள்ளைக விளையாட்டுன்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

அதற்குள் மில்லில் நின்ற கூட்டம் பின்னாலேயே வந்துவிட்டது. விருமாண்டி டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தார். கதவு கிடக்கிற கோலத்தைப் பார்த்தார். காவ்யஸ்ரீயின் முகத்தைப் பார்த்தார்.

"தாயி, அந்தச் சேட்டைக்காரப் பிள்ளைக நாங்கதான்" என்றார்.

கருத்தக்கண்ணன்தான் முதலில் சிரித்தார். காவ்யஸ்ரீக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அங்கேயே ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மாயக்காள் கருப்பு, சந்தனம், கற்பூரம், தண்ணி எல்லாவற்றையும் இப்போது விடாமல் சொன்னாள். கேட்டுவிட்டு அந்தப் பெண், "சாயங்காலம் வரைக்கும் யாரும் கதவத் தொட மாட்டாங்க. எடுக்கிறவங்க வந்து எடுத்துக்கட்டும். மிச்சத்தை என்ன செய்யறதுன்னு நான் ஆபீஸ்ல கேக்குறேன்" என்றாள்.

சேதி பரவினது. வராந்தாவில் ஆட்கள் சேர்ந்தார்கள். ஆனால் உள்ளே வருகிற ஆள் குறைச்சல். தூணுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர். முதலில் போனால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று ரெண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சோணையின் டிவிஎஸ் எக்ஸெல் வந்து நின்றது. தலை வழுக்கை விழுந்து, சட்டைப் பொத்தானுக்கு வெளியே வயிறு தள்ளின ஒரு ஆள் இறங்கி வந்தார். மாயக்காள் மனசில் வைத்திருந்தது மீசை முளைத்த ஒரு பையனை. கொஞ்சம் தடுமாறிவிட்டாள்.

அக்காவைப் பார்க்காமல் கதவைப் பார்த்தார் சோணை. "நனைச்சாச்சா?"

"நனைச்சிருக்கு. எங்க வீட்டுத் தண்ணிதான்."

"நீ ஊத்துனியா?"

"நாந்தான் ஊத்துனேன் தம்பி" என்றார் கருத்தக்கண்ணன்.

"செல்லாது" என்றார் சோணை.

மாயக்காள் சாக்கை விலக்கினாள். "எதுன்னு காட்டு. ஊத்துறேன்."

அங்கேதான் சிக்கல். நின்ற கதவில் இடுப்புயரத்தில், தாழ்ப்பாளுக்கு இடது பக்கம் ஒட்டினது சோணைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. படுத்துக் கிடக்கிற கதவில் எது இடது, எது இடுப்பு? ஸ்டாம்பெல்லாம் வெளுத்து ஒரே பழுப்பு நிறம். கதவை ஒருதரம் சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றினார்.

"பிரதட்சணம் பண்ணுனது போதும். என்னோடதுக்குப் பக்கத்துலதான ஒட்டுன?" என்று மாயக்காள் கேட்டாள்.

"ஆமா. ஒன்னோடது எது?"

மாயக்காள் குனிந்து தேடினாள். அவள் ஒட்டினபோது பிள்ளை இடுப்பில் இருந்தது. சந்தனத்தைத் தொட்டு ஸ்டாம்பின் மேல் அப்பிவிட்டது. சின்ன விரல் இழுத்த மஞ்சள் கோடு இன்னும் இருந்தது. அதை ஒட்டி, மூலை தூக்கிக் கோணலாக இன்னொன்று.

"இந்தா இருக்கு. கோவத்துல ஒட்டுனது, கோணலாத்தான் இருக்கும்."

சொம்பைச் சாய்த்து ஊற்றினாள். சோணை உடனே நகத்தைக் கொடுத்துக் கிளப்பினார். மூலை சுருண்டு, கிழியப் பார்த்தது. சுற்றி நின்றவர்கள் மூச்சை இழுத்தார்கள். மாயக்காள் அவர் கையில் ஒன்று போட்டாள்.

"ஊற விடு. அவசரக் குடுக்கை. பனங்கெழங்கயும் இப்பிடித்தான் வேக விடமாட்ட."

சோணை கையை எடுத்துக்கொண்டார். மாயக்காள் ஸ்டாம்பின் மேல் உள்ளங்கையை வைத்து ஈரத்தை அமுக்கிப் பிடித்தாள். ஊறுகிற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கேதானே நிற்க வேண்டும். நிற்கிறவர்கள் பேசாமல் எவ்வளவு நேரம் நிற்பது?

"ஒன்னோடத உரிக்கலையா?" என்று சோணை கேட்டார்.

"எதுக்கு உரிக்கணும்? நான் சொன்னது நெசம்."

"பொய்யின்னு நான் எப்ப சொன்னேன்? நீ சொன்ன, நான் ஒத்துக்கிட்டு வழக்க எடுத்துட்டேன்ல."

"எடுத்த. அப்பறம் நீ எதுக்கு ஒட்டுன?"

 சோணை திறந்து கிடந்த வாசல் வழியாகத் தபாலாபீஸைப் பார்த்தார். "அப்பன் அத எங்கிட்ட சொல்லலையேன்னுதான்" என்றார்.

மாயக்காள் கையை எடுக்கவில்லை. "நீ அன்னைக்கு ஒரம் வாங்கப் போயிருந்த. ஒன்னையத்தான் தேடுனாரு. வெரசா வரச்சொல்லுன்னாரு. வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"இத நீ சொல்லவே இல்ல."

"வழக்குப் போட்டவன்ட்ட எந்த வாயால சொல்றது?"

சோணை மூக்கை உறிஞ்சினார். பிறகு கிணற்றுப் பேச்சுக்கு வந்தார். "அந்த எடத்துல போறப்ப வண்டிய மெதுவா விடுவேன். பின்னாடி வாரவன் ஆரன் அடிச்சே கொன்னுருவான்."

"பஸ்ஸுல போறப்ப நானும் எட்டி எட்டிப் பாப்பேன். எந்த எடமின்னே பிடிபடல."

"பாலத்துக்கு இங்கிட்டு, நடுவுல அரளிச்செடி வச்சிருக்கான்ல, அதுல ஒரு எடத்துல மட்டும் செடி தழைஞ்சு நிக்கும். அதான்."

"அப்பிடியா" என்றாள் மாயக்காள். கையை எடுத்தாள். "இப்ப உரி."

சோணை மூலையைத் தூக்கினார். இந்தத் தடவை பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். அது அலுங்காமல் முழுசாக வந்தது. அடியில் மரம் புதுசாக, தேக்கு நிறத்தில் இருந்தது. விரலில் ஒட்டிக்கொண்ட ஸ்டாம்பை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கருத்தக்கண்ணன் குப்பை வாளியை நீட்டினார். சோணை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதைப் பார்த்த பிறகு தூணுக்கு அங்கிட்டு நின்றவர் இங்கிட்டு நின்றவரைப் பார்த்து, "என்னய்யா, சொம்பு கொண்டாரயா இல்லையா?" என்று கேட்டார். விருமாண்டி மட்டும் நகரவில்லை. அவர் பங்காளி செத்து நாலு வருசமாகிறது. தன் ஸ்டாம்பு இருந்த இடத்தை வடிகட்டிக் காம்பால் ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார். காவ்யஸ்ரீ அதைக் கவனித்தாள். வெளியே போய் ரொம்ப நேரம் போனில் பேசினாள். திரும்பி வந்து கருத்தக்கண்ணனிடம், "தகட்ட உள்ள வைங்கண்ணே. மிச்ச ஸ்டாம்பு இருக்கட்டும். கட்டடத்தோட கதையில அதுவும் உண்டுன்னு சொல்லிட்டேன்" என்றாள். பலகையில் என்ன எழுதுவது என்று பிறகு டீக்கடையில் போய்க் கேட்டபோது விருமாண்டி, "ஊரார் ஒட்டியதுன்னு போடு தாயி. பேரு மட்டும் வேண்டாம்" என்றாராம். பலகையிலும் அப்படித்தான் இருக்கிறது.

அக்காளும் தம்பியும் வெளியே வந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. சோணை அந்தச் சொம்பைப் பார்த்தார். "தாகமா இருக்கு. அதுல கெடக்கா?"

"இது கதவுக்குக் கொண்டாந்தது. வீட்டுக்கு வா."

ரோட்டைத் தாண்டினார்கள். மில் வாசலில் கம்புக்காரி முன்னாடியே வந்து டப்பா மேல் உட்கார்ந்திருந்தாள். சோணை படிக்கு முன்னால் நின்று செருப்பைக் கழற்றினார். கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். அதற்கு அவ்வளவு நேரம் ஆகாது; ஆனாலும் ஆக்கினார். மாயக்காள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்த் தண்ணி மொண்டாள். அவள் வந்தபோது அவர் படிக்கு உள்ளே, மாவுத் தரையில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொம்பைக் கொடுத்தார்.

"உப்புக் கரிக்குதே."

"போர்த் தண்ணி கரிக்காம? நல்ல தண்ணி வேணுமின்னா நடுரோட்டத் தோண்டு. பாதி ஒன்னோடதுதான."

சோணை சிரித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார். மாயக்காள் பெல்ட்டைச் சரிபார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள்.

"ஆவணியில பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கு. தாய்மாமன் சேலை எடுக்கணும். என்ன கலரு வேணும்னு அவளக் கேட்டுச் சொல்றேன்."

"கேட்டாச்சு. மாம்பழக் கலரு. எடுத்தும் வச்சாச்சு."

மாயக்காள் திரும்பினாள். "எப்ப எடுத்த?"

"அவ பரிசம் போட்ட வாரமே. எடுத்துட்டு, கொண்டாந்து குடுக்க வழி தெரியாம வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஏக்கா, என் கம்பு" என்றாள் வாசலில் இருந்தவள்.

மாயக்காள் சுவிட்சைப் போட்டாள். மில் இரைந்து ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் அவள் தம்பியைப் பார்த்து என்னமோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.